ஜக்கெற்றில் நாற்றம், போத்தலில் நறுமணம்



இம்மாத உரைக்கு என்ன தலைப்பு என்று நிலையத்தில் கேட்டார்கள். "சென்ற் பற்றி" என்று சொன்னேன். "அண்ணை, உங்களுக்கும் சென்ற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒலிப்பதிவு செய்கிற தம்பி சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு குளிர்கால ஜக்கெற்றில் தொடங்குகிறது.

நான் பாரிசுக்கு வந்தது 1988ஆம் ஆண்டின் கடைசியில். ஓர் அறையில் ஆறு பேர். அதே அறையில்தான் சமையல், அதே அறையில்தான் படுக்கை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆறு பேருடைய ஜக்கெற்றும் அந்த ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கும். அடுப்பில் கறி கொதிக்கக் கொதிக்க அந்த ஆவி முழுவதையும் அவை குடிக்கும். காலையில் மெற்றோவில் போய் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறிடம் போவார். ஒரு நாள் ஒரு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டு வருடங்கள் கழிந்தன. மகள் ஆரம்பப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் பள்ளியால் வந்து தாயிடம் சொன்னாள்: "அம்மா, காலமையில தாளிக்காதேங்கோ. என்ர ஜக்கெற் மணக்குதெண்டு பிள்ளையள் சொல்லுகினம்." மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தொடக்கம் எங்கள் ஜக்கெற்றுகள் எல்லாம் ஒரு கறுத்தப் பிளாஸ்ரிக் பைக்குள் போயின. பையின் வாயைக் கட்டி பல்கனியில் வைப்பார். வெளியே போகும்போதுதான் அவிழ்ப்பார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு பை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

சென்ற கோடையில் அதே மகள், இப்போது வேலை பார்ப்பவள், என் பிறந்தநாளுக்கு ஒரு சிறிய போத்தலைக் கொண்டுவந்து தந்தாள். பெரிய கடைகளில் கிடைக்காத, ஒரு சிறு நிறுவனத்தின் வாசனைத் திரவியமாம். விலைத்துண்டைக் கிழித்துவிட்டுத்தான் தந்தாள். பிறகு விசாரித்தேன், நூறு யூரோவுக்கு மேல். என் மணிக்கட்டில் ஒரு துளி அடித்துவிட்டு, "மணந்து பாருங்கோ அப்பா" என்றாள். மணந்தேன். ஏலக்காய். அதற்குப் பின்னால் மிளகு. கொஞ்சம் பொறுக்க, சந்தனமும் ஏதோ ஓர் இனிப்பும். மனைவி என் கையைப் பிடித்து மணந்துவிட்டு, "இதென்ன பிள்ளை, கோயில்ல குடுக்கிற சர்க்கரைத் தண்ணி மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். "இப்ப கோடைக்கு இதைத்தான் அம்மா எல்லாரும் தேடித் தேடிப் பூசுகினம்" என்றாள் மகள்.

பைக்குள் கட்டி வைத்த மணம் எப்படிப் போத்தலுக்குள் போனது? அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் நூலகத்துக்குப் போய் வந்தேன். அங்கே அறிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கோடைக்கு எது, குளிருக்கு எது?

வாசனைத் திரவியக் கடைகளில் ஒரு சட்டம் உண்டு. எலுமிச்சை, தோடை போன்ற புளிப்பு மணங்கள் கோடைக்கு. கறுவா, கராம்பு, வனிலா போன்ற இனிப்பும் காரமுமான மணங்கள் குளிர்காலத்துக்கு. இந்தச் சட்டத்தின் ஒரு பாதிக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு. 1709இல் ஜேர்மனியின் கேல்ன் நகரில் இத்தாலியரான பரீனா என்பவருடைய குடும்பம் கடை தொடங்கியது. அவர்கள் விற்ற எலுமிச்சை, தோடை எண்ணெய்கள் கலந்த லேசான நீருக்கு அந்த நகரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. நாங்கள் ஊரில் "ஓடிக்கொலோன்" என்று சொல்லி, காய்ச்சல்காரரின் நெற்றியில் துணியில் நனைத்துப் போட்டோமே, அதுதான். வெப்பத்துக்கு அது இதம் என்பதை ஐரோப்பியர் மட்டுமல்ல, எங்கள் ஆச்சிமாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் மற்றப் பாதி? ஐரோப்பாவில் கறுவாவும் கராம்பும் கப்பலில் வந்த பொருட்கள். விலை கூடிய அந்தச் சரக்குகளை நத்தார்ப் பணியாரத்திலும் சூடான வைனிலும் போட்டார்கள். ஆகவே அவர்களுடைய மூக்கு அந்த மணத்தைப் பனியோடும் அடுப்போடும் சேர்த்து நினைவில் வைத்தது. அந்த மரங்கள் வளரும் நாடுகளில் பனியே இல்லை. அங்கே ஏலக்காயும் கராம்பும் வெயிலோடு சேர்ந்த மணங்கள்.

எங்களுக்கும் பருவத்துக்கு ஏற்ற வாசனை என்ற கணக்கு இருந்தது. சங்க இலக்கியமான நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்குத் தெரியும். வாடைக்காற்று வீசும் குளிர்காலத்தில் சந்தனம் அரைக்கும் கல் பயன்படாமல் கிடக்கிறது, பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டுகிறார்கள் என்று அங்கே வருகிறது. வெயிலுக்குச் சந்தனம், குளிருக்கு அகில். இது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு. சிலப்பதிகாரத்தில் மாதவி குளிக்கும் நீரில் பத்து வகைத் துவர்களும் ஐந்து வகை வாசனைப் பொருட்களும் முப்பத்திரண்டு வகை மூலிகைகளும் ஊறுகின்றன. கோயில் திருவிழாவில் வெயிலில் நிற்கிறவர்களுக்குச் சர்க்கரையும் ஏலக்காயும் சுக்கும் கலந்த பானகம் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இனிப்பும் காரமும் வெயிலுக்கு ஆகாது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள் பிப்பெரின். மிளகை நீராவியில் வடிக்கும்போது அது மேலே வருவதில்லை, பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே மிளகெண்ணெயில் காரம் இல்லை. மழையில் நனைந்த மரத்தைப் போன்ற ஒரு புத்துணர்ச்சிதான் இருக்கும். ஏலக்காய் எண்ணெயில் சினியோல் என்ற பொருள் கூடுதலாக உண்டு. யூக்கலிப்டஸ் எண்ணெய்க்கு அந்தக் குளிர்ச்சியைத் தருவதும் அதுதான். கராம்பும் கறுவாப்பட்டையும் வேறு இனம். அவற்றின் மணம் கனமானது, சூடானது, நெடுநேரம் நிற்பது. எனவே "மசாலா" என்று எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட முடியாது. எங்கள் குசினியில் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்.

கறுவாவுக்குக் கொடுத்த விலை

கொழும்பில் கறுவாத்தோட்டம் தெரியாதவர் இல்லை. இன்று பெரிய வீடுகளும் தூதரகங்களும் உள்ள கொழும்பு 7. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. அங்கே உண்மையாகவே கறுவா நின்றது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் கால்வைத்து, அங்கேயே நிலைகொள்ள முக்கிய காரணங்களில் ஒன்று கறுவா. அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். எங்கள் யாழ்ப்பாண மண்ணில் கறுவா விளைவதில்லை. ஆனாலும் எங்கள் கோட்டையில் கொடியேற்றியது, தெற்கே கறுவாவைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அதே ஒல்லாந்தக் கொம்பனிதான்.

அந்தக் காலத்தில் கறுவா பெரும்பாலும் காட்டில் தானாக வளர்ந்தது. காட்டுக்குள் போய் இளந்தடிகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, உள்பட்டையை உடையாமல் உரித்து உலர்த்துவது சலாகம என்ற சமூகத்தாரின் கட்டாய வேலை. இவர்களுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அந்தச் சமூகத்தின் மரபுவழிச் செய்தி. ஒவ்வொருவரும் இவ்வளவு பட்டை கொடுக்க வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டது. கொம்பனிக்குத் தெரியாமல் கறுவா விற்றாலும் கறுவா மரத்தை அழித்தாலும் மரண தண்டனை வரை போகலாம். ஒழுங்கான தோட்டமாகக் கறுவா நடத் தொடங்கியது 1769 அளவில், ஆளுநர் பல்க் காலத்தில்தான். பின்னர், 1796இல், இந்தத் தோட்டங்களும் தீவின் கரையோரங்களோடு சேர்ந்து ஆங்கிலேயர் கைக்குப் போயின.

இந்த வியாபாரத்தின் கொடுமையை எண்ணிப் பார்க்க இரண்டு சம்பவங்கள் போதும். சாதிக்காய் அக்காலத்தில் விளைந்த ஒரே இடம் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 1621இல் ஒல்லாந்தக் கொம்பனியின் தலைவர் கூன் படையோடு போய் அந்தத் தீவுகளைப் பிடித்தார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் மிஞ்சியவர்கள் ஆயிரம் அளவில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் இறந்தார்கள், அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். ஓடியவர்களுக்கு அகதி என்ற சொல் அப்போது இருந்ததோ தெரியாது. நிலைமை எங்களுக்குத் தெரிந்ததுதான்.

மற்றச் சம்பவம் 1760இல் ஆம்ஸ்ரர்டாமில் நடந்தது. விலை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, களஞ்சியத்தில் தேங்கிய வாசனைச் சரக்குகளைக் கொம்பனி குவித்து எரித்தது. வல்மோன் டி போமார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குவியலில் எங்கள் தீவின் காட்டில் மனிதர் கைநோக உரித்த பட்டையும் இருந்திருக்கும். உலகத்திலேயே விலை கூடிய சாம்பிராணி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரரும் சும்மா இருக்கவில்லை. மொறீசியஸ் தீவை நிர்வகித்த ஒருவர் கராம்பு, சாதிக்காய்க் கன்றுகளை ஒல்லாந்தரின் பகுதியிலிருந்து களவாக எடுப்பித்து, 1770இல் மொறீசியசில் நடுவித்தார். அவருடைய பெயர் பியர் புவாவ்ர். பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகள் இப்போது சிரிப்பார்கள். புவாவ்ர் என்றால் மிளகு! அங்கிருந்து கராம்பு றியூனியனுக்கும் பின்னர் சன்சிபாருக்கும் பரவியது. நட்டுப் பறித்த கைகள் பெரும்பாலும் அடிமைகளுடையவை.

பன்னிரண்டு வயதுச் சிறுவன்

காரத்தின் கதை அது. இனிப்பின் கதைக்கு வருவோம். இன்று இனிப்பான வாசனைத் திரவியம் என்றால் அதில் வனிலா இல்லாமல் இருப்பது அரிது. வனிலாவின் சொந்த ஊர் மெக்சிக்கோ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் அந்தக் கொடியை இந்து சமுத்திரத்திலுள்ள றியூனியன் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அதன் பெயர் பூர்போன். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மெக்சிக்கோவில் மகரந்தம் சேர்த்த தேனீ இங்கே இல்லை.

1841இல், சென் சுசான் என்ற ஊரில், எட்மொன்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் இதற்கு வழி கண்டான். பூவைப் பிரித்து, நடுவில் மறைப்பாக நிற்கும் மெல்லிய இதழை ஒரு சிறு குச்சியால் தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தை அமத்தினான். அவ்வளவுதான். சில விநாடி வேலை. கற்ற தாவரவியலாளர்கள் தேடித் திரிந்த வழி அது. பெரிய தாவரவியலாளர் ஒருவர், இதை நான்தான் அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன் என்று பிறகு உரிமை கோரினார். எட்மொன்டின் எசமானரே, இல்லை, இது பையன் கண்டது என்று எழுதி மறுத்தார். 1848இல் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபோது எட்மொன்ட் விடுதலையாகி அல்பியுஸ் என்ற பெயரையும் பெற்றார். அவர் கண்ட வழியால் தீவு செல்வம் கண்டது. அவர் 1880இல் வறுமையில் இறந்தார். இன்றைக்கும் உலகத்தில் தோட்ட வனிலா கையாலேயே, அவர் கண்ட முறையிலேயே மகரந்தம் சேர்க்கப்படுகிறது.

அடிமைகள் விடுதலையான பிறகு றியூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரமாயிரமாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர். அவர்களுடைய சந்ததியை அங்கே மலபார் என்று அழைக்கிறார்கள். பேச்சில் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. கோயிலும் காவடியும் தீமிதிப்பும் நிற்கின்றன. பாரிசில் றியூனியன்காரர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய குடும்பப் பெயரில் ஒரு தமிழ்ப் பெயர் ஒளிந்திருப்பதைக் கண்டு நாங்கள் வியந்ததுண்டு. வனிலாவின் தீவு எங்களுக்கு அவ்வளவு தூரம் அல்ல.

போத்தலுக்குள் போன கதை

1874இல் ஜேர்மனியில் தீமான், ஹார்மான் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினைச் செயற்கையாகச் செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1868இல், உலர்ந்த புல்லின் மணமுள்ள கூமரினை ஆங்கிலேயரான பேர்க்கின் செய்திருந்தார். இந்த இரண்டையும் கலந்து, லவண்டரோடு சேர்த்து, கெர்லான் நிறுவனம் 1889இல் ஜிக்கி என்ற வாசனையை வெளியிட்டது. ஈபிள் கோபுரம் திறந்த அதே ஆண்டு. 1925இல் அதே நிறுவனத்தின் ஷலிமார் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முகலாயர் அமைத்த பூந்தோட்டத்தின் பெயர் அதற்கு. இந்தியாவின் பெயர், மெக்சிக்கோக் கொடியின் மணம், ஜேர்மனியில் பிறந்த இரசாயனம், பாரிசின் போத்தல்.

இப்படிப்பட்ட இனிப்பும் காரமுமான வாசனைகளுக்கு வியாபாரிகள் "ஒரியண்டல்", அதாவது கீழைத்தேயம், என்று பெயர் வைத்தார்கள். கீழைத்தேயத்து மனிதன் மெற்றோவில் பக்கத்தில் இருந்தால் எழும்பிப் போகிறவர்கள், கீழைத்தேயம் என்ற பெயரைக் காசு கொடுத்து வாங்கிப் பூசினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அந்தச் சொல் பொருத்தமில்லை என்ற பேச்சு அந்தத் தொழிலுக்குள்ளேயே எழுந்தது. வாசனைகளை வகைப்படுத்தும் முக்கிய கைநூல் ஒன்று 2021இல் அதை மாற்றி "அம்பர்" என்று வைத்தது.

பெரிய நிறுவனங்கள் எல்லாருக்கும் பிடித்ததைச் செய்யப் போக, சிலருக்கு மட்டும் பிடிப்பதைச் செய்ய சிறிய நிறுவனங்கள் தோன்றின. பாரிஸ் சென் ஜேர்மன் வீதி 34ஆம் இலக்கத்தில் மூன்று நண்பர்கள் 1961இல் திறந்த டிப்டிக் கடை அவற்றில் ஒன்று. அவர்களுடைய முதல் வாசனை, 1968இல் வந்த "லோ". 16ஆம் நூற்றாண்டின் பழைய செய்முறை ஒன்றைத் தழுவி, கறுவாவும் கராம்பும் தூக்கலாகச் செய்தது. 1976இல் ழான் லப்போர்த் தொடங்கிய லார்திசான் பர்ஃபியூமர் இன்னொன்று. காரத்தைக் குளிர்காலச் சிறையிலிருந்து வெளியே எடுத்ததில் ழான் குளோட் எலேனா என்ற வாசனைக் கலைஞருக்குப் பெரிய பங்குண்டு. 1998இல் கார்ட்டியேக்காக அவர் செய்த வாசனையில் ஏலக்காய் முன்னுக்கு வந்தது. 2008இல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காகக் கேரளத்து மழையை நினைத்து ஒன்று செய்தார். அதன் பெயரே "மழைக்குப் பின் ஒரு தோட்டம்" என்று பொருள்படும். அதிலும் ஏலக்காய், மிளகு, இஞ்சி.

என் ஆர்வத்தைக் கண்ட மகள் இவற்றின் மாதிரிக் குப்பிகள் நாலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். 2019 யூலையில் பாரிசில் 42.6 பாகை அடித்ததே, அவ்வளவு இல்லாவிட்டாலும் அன்றும் கொடும் வெயில். யன்னல் பலகைகளை இறக்கிவிட்டு, மூவரும் மேசையைச் சுற்றி இருந்து மணந்தோம்.

ஷலிமார் அந்த வெக்கைக்குப் பாரமாக இருந்தது. "இது மார்கழிக்கு" என்றார் மனைவி. ஆனால் இரவு பத்து மணிக்குக் காற்று வந்த பிறகு மணந்தால், நல்ல பால்ரொபி போல இதமாக இருந்தது. டிப்டிக்கின் லோ எனக்கு நேரே பல்லுக்கொதியை நினைவூட்டியது. ஊரில் சூத்தைப் பல்லுக்குப் பஞ்சில் கராம்பெண்ணெய் வைப்பார்களே, அந்த மணம். பிறகு தோடம்பழத் தோல் மாதிரி ஒன்று வந்து அதை ஆற்றியது. அந்த மழைத் தோட்டம், மழை விட்டவுடன் குசினி யன்னலைத் திறந்தது போல இருந்தது. உள்ளே ஏலக்காய், வெளியே ஈர மண். வெயிலுக்கு அதுதான் நன்று என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். கடைசியாக, 2010இல் டிப்டிக் வெளியிட்ட ஓ துவெல். வனிலாவோடு ஏலக்காயும் சேர்ந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "வட்டிலப்பம்!" என்றார். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் கொடுத்தனுப்பும் வட்டிலப்பத்தை அவர் 1990இல் கடைசியாக உண்டார். அந்த வருடம் ஒக்டோபரில் அந்தக் குடும்பமும் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டது. கொஞ்ச நேரம் மூவரும் பேசாமல் இருந்தோம்.

நாற்றம் என்ற சொல்

பழந்தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம். ஐம்புலன்களில் மூக்குக்கு உரியதை வள்ளுவரும் நாற்றம் என்றே சொல்கிறார். இன்று அதே சொல்லை யாரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல விடமாட்டார்கள். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. எங்கள் ஜக்கெற்றின் கதையும் இதுதான். மணம் மாறவில்லை. அதை யார் சுமக்கிறார், யார் விற்கிறார் என்பது மாறியது.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வந்த புதிதில் பாற்கட்டிக் கடையைத் தாண்டும்போது நாங்களும் மூக்கைப் பொத்தினோம். இப்போது என் பேரப்பிள்ளைகள் அந்தப் பாற்கட்டிக்கு அடிபடுகிறார்கள். ஊரில் மீன் கொண்டுவந்தவரைப் படலையோடு நிறுத்தி, "மணக்குது, தள்ளி நில்" என்று சொன்ன வாய்கள் எங்கள் வாய்கள்தான். அவர் மணந்தது உழைப்பில். நாங்கள் முகம் சுளித்தது மீனுக்காக மட்டுமல்ல, அவர் யார் என்பதற்காகவும். மெற்றோவில் கைலேஞ்சியை மூக்கில் வைத்த அந்த அம்மாவை நினைக்கும் போதெல்லாம் எனக்கு இப்போது இதுவும் சேர்ந்து நினைவு வருகிறது.

கோடையில் வாசனை பூசுகிற இளம் நேயர்களுக்குச் சில குறிப்புகள். வெயிலில் மணம் விரைவாகப் பரவும், ஆகவே குளிர்காலத்தில் பூசுவதில் பாதி போதும். ஏலக்காய், மிளகு, கொத்தமல்லி சேர்ந்தவை பகலுக்கு நல்லவை. வனிலாவும் கறுவாவும் தூக்கலானவற்றை வெயில் தாழ்ந்த பிறகு பூசுங்கள். கறுவா, கராம்பு எண்ணெய்களில் உள்ள சில பொருட்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துவராது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் எடுத்த முடிவின்படி, ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருட்களின் பெயர்கள் பெட்டியில் எழுதப்பட வேண்டும் என்றானது. 2023இல் அந்தப் பட்டியல் இன்னும் நீட்டப்பட்டது. யூஜினோல், சினமால், கூமரின் என்று பெட்டியில் கண்டால், அவை எங்கள் கறிக்குள் கிடக்கிற அதே சரக்குகளின் மறுபெயர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் துணியில் அடித்துப் பார்த்துப் பிறகு தோலில் பூசுங்கள்.

விலை கூடிய போத்தலை வாங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலை கூடியதால் இந்த மணம் உயர்ந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. அப்படி நினைத்தால், மலிவாக இருந்தபோது அது தாழ்ந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதை உரித்தவர், பறித்தவர், பெருவிரலால் அமத்தியவர், காலையில் எழும்பித் தாளித்தவர், இவர்களைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

உரையை எழுதி முடித்த அன்று மகளிடம் வாசித்துக் காட்டினேன். தான் சின்ன வயதில் அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை. தாய்க்கு மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. மகள் எழும்பிப் பல்கனிக்குப் போனாள். கோடைக்காகக் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, ஜக்கெற்றுகளை எடுத்து உதறி, கதவுக்குப் பின்னால் கொழுவினாள். மனைவி அடுப்பில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டார். வரும் குளிருக்கும் அவை அங்கேதான் தொங்கும்.